வெறும் ஊஞ்சல்

ரெஜினா டீச்சரிடம் நாடகம் கற்க வந்தவர்களில் வயதில் மூத்தவர் கனகசபை. அவருக்கு ஐம்பத்தாறு. டீச்சருக்கு முப்பத்தேழு. டீச்சர் பகலில் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பார். சனி, ஞாயிறு சாயங்காலங்களில் அதே பள்ளியின் பிரேயர் ஹாலில் நாடகம் சொல்லித் தருவார். கனகசபை அவரை "டீச்சர்" என்பார். அவர் கனகசபையை "சார்" என்பார். வெளியாள் பார்த்தால் யார் யாரிடம் படிக்கிறார்கள் என்று புரியாது. சில நாள் கனகசபைக்கே புரியாது.

திருச்சியில் கனகசபைக்கு ஒரு பர்னிச்சர் கடை. கட்டில், பீரோ, சோபா, சாமி அலமாரி என்று ஒரு வீட்டுக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். நாடகம் போட இதைவிட வேறென்ன பலம் வேண்டும் என்று அவர் நினைத்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நாலு வருஷம் அவர் போலீஸ்காரராகவும் தபால்காரராகவும் ஒரே ஒரு முறை பிணமாகவும் நடித்தார். பிணமாக நடித்ததற்குத்தான் டீச்சரிடம் பாராட்டு கிடைத்தது. இந்த வருஷம், "நீங்களே ஒன்னு எழுதி இயக்குங்க சார்" என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

அவர் எழுதியது ஒரு வீட்டின் கதை. அண்ணனும் தம்பியும் வீட்டைப் பாகம் பிரிக்கிறார்கள். கூடத்தின் குறுக்கே சுவர் எழும்புகிறது. எல்லாவற்றையும் பிரித்தாகிவிட்டது, கூடத்தில் தொங்கும் அம்மாவின் ஊஞ்சலை மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை. அண்ணன் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் தம்பி அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். நாடகம் அவ்வளவுதான்.

அது யார் வீட்டுக் கதை என்று கனகசபை குழுவில் யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் தம்பி அவர்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் திருஞானம், இந்தப் பக்கம் இவர் என்று பதினோரு வருஷம் ஓடிவிட்டது. அண்ணன் இருமினால் இவருக்குக் கேட்கும். இவர் வீட்டுக் குக்கர் விசில் அண்ணனுக்குக் கேட்கும். பேச்சு மட்டும் கிடையாது. வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் கொல்லைப்புறமாகக் குழம்பும் ஊறுகாயும் கைமாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். அது தெரியாதது போல இரண்டு ஆண்களும் அந்தக் குழம்பைச் சாப்பிட்டார்கள்.

ஊஞ்சல் கடைக் குடோனில் கிடந்தது. எடுத்து வந்த அன்றைக்கே கனகசபைக்கு மனசு கசந்துவிட்டது. ஒரு நாள்கூட அதில் அவர் உட்காரவில்லை. இரண்டு முறை வண்டியில் ஏற்றினார். அண்ணன் வாசலில் நின்று என்ன சொல்வது என்று தெரியாமல் இரண்டு முறையும் இறக்கிவிட்டார்.

இப்போது அவருக்கு ஒரு வழி தெரிந்தது. மேடையில் அந்த வீட்டை அப்படியே எழுப்பி, நடுவில் அதே ஊஞ்சலைத் தொங்கவிட வேண்டும். அண்ணனை எப்படியாவது வரவழைத்து உட்கார வைக்க வேண்டும். தான் கேட்க வேண்டிய மன்னிப்பை ஊஞ்சலே கேட்டுவிடும் என்று அவருக்கு ஒரு நப்பாசை.

முதல் ஒத்திகைக்கு ஒரு குட்டியானை வண்டி நிறையச் சாமான் வந்து இறங்கியது. பீரோ, சுவர்க் கடிகாரம், சாமி அலமாரி, கேஸ் அடுப்பு, சோபா, எல்லாவற்றுக்கும் கடைசியாகப் போர்வை சுற்றிய ஊஞ்சல் பலகையும் பித்தளைச் சங்கிலிகளும், அதை மாட்ட ஓர் இரும்புச் சட்டமும்.

"டீச்சர், நிஜ வீடு மாதிரியே இருக்கணும். எதை வெச்சா நிஜமாகும்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்றார் கனகசபை.

டீச்சர் பீரோவைத் திறந்து பார்த்தார்.

"உள்ள ஒன்னுமில்லையே?"

"கடை பீரோ டீச்சர். புதுசு."

"நாடகத்துல இதை யார் திறக்கிறா?"

"யாரும் திறக்கல. ஆனா வீடுன்னா பீரோ இருக்கும்ல?"

"எடுத்துடுங்க."

அடுத்த வாரம் கடிகாரத்தின் முன்னால் நின்றார்.

"இதுல மணி பாக்குறது யாரு?"

"சும்மா ஓடிட்டிருக்கும் டீச்சர்."

"எடுத்துடுங்க."

சோபாவும் அடுப்பும் சாமி அலமாரியும் இப்படியே ஒவ்வொன்றாக வண்டி ஏறின. ஏதாவது காரணம் சொன்னாலாவது மல்லுக்கு நிற்கலாம். அவர் எடுத்துடுங்க என்பதோடு நிறுத்திக்கொள்வார். எதை வைத்தால் நிஜமாகும் என்று கேட்டவருக்கு, எதை எடுக்க வேண்டும் என்றே பதில் வந்துகொண்டிருந்தது. கணக்கு டீச்சர் இல்லையா, கழித்தலை மட்டும் நடத்துகிறாரோ என்று கனகசபை மனசுக்குள் கறுவிக்கொண்டார்.

மூன்றாவது வாரம் மேடையில் ஊஞ்சல் மட்டும்தான் மிச்சம்.

"இதை எடுக்கச் சொல்ல மாட்டீங்க. எல்லாரும் இதுல உக்காருறாங்க, ஆடுறாங்க, சண்டை போடுறாங்க. நாடகமே இதைப் பத்தித்தான்" என்றார் கனகசபை. சொல்லும்போதே அவருக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

டீச்சர் ஊஞ்சலில் உட்கார்ந்து ஆடினார். சங்கிலி கிரீச்சிட்டது. தம்பியாக நடிக்கும் இப்ராகிமும் மற்றவர்களும் சுற்றி நின்று பார்த்தார்கள். தேக்குப் பலகையும் மின்னும் பித்தளைச் சங்கிலியும் பார்க்கப் பார்க்க அழகாகத்தான் இருந்தன.

"எல்லாரும் எதைப் பாக்குறாங்க சார்?"

"ஊஞ்சலை."

டீச்சர் இறங்கினார். "எடுத்துடுங்க."

கனகசபைக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நாலு வருஷத்தில் அவர் குரல் அந்த ஹாலில் உயர்ந்தது அன்றுதான்.

"முடியாது டீச்சர்! இது எங்கம்மா ஊஞ்சல்!"

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. இப்ராகிம் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது என்று கனகசபை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சுவரையும், குடோனையும், ஏற்றி இறக்கிய வண்டியையும், அண்ணனை வரவழைக்கப் போட்டிருந்த திட்டத்தையும்.

டீச்சர் முழுவதும் கேட்டார்.

"இந்த ஊஞ்சலை அண்ணன்கிட்ட காட்டணும். அதானே சார்?"

"ஆமா."

"அப்ப வண்டியில ஏத்தி அண்ணன் வீட்டுல இறக்குங்க. இங்க வேணாம்."

"அதுக்கு தைரியம் இருந்தா நான் ஏன் டீச்சர் நாடகம் எழுதுறேன்?"

டீச்சர் வகுப்பறைக்குப் போய் ஒரு பெஞ்சை இழுத்து வந்தார். காம்பஸ் முனையால் யாரோ பெயர் கீறி வைத்திருந்த பழைய பெஞ்சு. அதை மேடை நடுவில் போட்டார்.

"இதான் ஊஞ்சல்."

கனகசபை பெஞ்சைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். மறுபடியும் பெஞ்சைப் பார்த்தார்.

"இது ஆடாதே டீச்சர்?"

"ஆடாது."

அவ்வளவுதான் பாடம். டீச்சர் ஹால் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த வாரம் முழுக்கக் கனகசபைக்குக் கடையில் வியாபாரமே ஓடவில்லை. கட்டில் வாங்க வந்தவருக்கு டைனிங் டேபிளைக் காட்டினார். எதை வைத்தால் நிஜமாகும் என்று கேட்டால், இருந்த ஒரே நிஜத்தையும் டீச்சர் எடுக்கச் சொல்கிறார். அண்ணன் வந்து பார்த்தால் என்ன தெரியும்? ஒரு பெஞ்சு தெரியும். பள்ளிக்கூடத்துப் பெஞ்சைப் பார்க்கவா அந்த மனுஷன் பதினோரு வருஷக் கோபத்தை விட்டுவிட்டு வரப் போகிறார்? நாடகத்தையே நிறுத்திவிடலாமா என்றுகூட யோசித்தார். ஆனால் மனைவி மங்கை அதற்குள் நோட்டீஸைக் கொல்லைப்புறமாக அண்ணி கையில் கொடுத்துவிட்டிருந்தாள்.

சனிக்கிழமை ஒத்திகையில் டீச்சர் அவரை மேடைக்குக் கூப்பிட்டார்.

"உக்காருங்க சார். கண்ணை மூடிக்குங்க. உங்க வீட்டு ஊஞ்சல்."

இது என்ன கூத்து என்று நினைத்துக்கொண்டே கனகசபை பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வலது கால் கட்டைவிரல் தானாகத் தரையை உந்தியது. இடது கை மேலே போய் எதையோ பற்றியது. உடம்பு லேசாக முன்னும் பின்னும் போக ஆரம்பித்தது. அடுக்களையில் அம்மா தாளிக்கும் வாசனைகூட வந்தது போல இருந்தது.

"போதும். எழுந்து போங்க."

கண்ணைத் திறந்து எழுந்தார். நடக்கத் திரும்பினார். திரும்பும்போது அவருடைய கை பின்னால் போய், காற்றில் ஒரு கணம் நின்று, பிறகு வந்தது.

"அது என்ன சார்?"

"எது டீச்சர்?"

"கையைப் பின்னால கொண்டு போனீங்களே."

கனகசபை தன் கையையே பார்த்தார். அவருக்கே அது தெரிந்திருக்கவில்லை.

"ஓ, அதுவா... எந்திரிச்சா சங்கிலியைப் பிடிச்சு நிறுத்திட்டுத்தான் போகணும். வெறும் ஊஞ்சல் ஆடக் கூடாதும்பாங்க அம்மா. வீட்டுக்கு ஆகாதாம். ஆட விட்டுட்டு ஓடினா முதுகுல ஒன்னு விழும். எனக்கு நெறைய விழுந்திருக்கு. நான் ஓடிருவேன், அண்ணன்தான் பின்னாடியே வந்து நிறுத்துவாரு."

"எழுதினதுல இது இருக்கா?"

"இல்ல டீச்சர். இதெல்லாமா எழுதுவாங்க?"

"குட்டியானையில எல்லாத்தையும் ஏத்தினீங்க. இதை விட்டுட்டீங்களே" என்றார் டீச்சர்.

எல்லோரும் சிரித்தார்கள். கனகசபையும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தார். எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து நடிப்பவர்கள் எல்லோரும் பெஞ்சிலிருந்து எழுந்தால் காற்றைப் பிடித்து நிறுத்திவிட்டுத்தான் நகர வேண்டும் என்றாகிவிட்டது. மற்றவர்களுக்குச் சீக்கிரம் பழகிவிட்டது. இப்ராகிம் மட்டும் மறந்து மறந்து போனான். அவன் செல்போன் பழுது பார்க்கிறவன். சின்னதாக ஒரு திருகாணியைக்கூட மறக்க மாட்டான், ஊஞ்சலை மறந்துவிடுவான்.

"தம்பி, ஆடுது பாரு!" என்று கத்துவார் கனகசபை.

"என்ன சார் ஆடுது? பெஞ்சு தானே சார்?"

"ஆடுதுப்பா! எனக்குத் தெரியுது, உனக்குத் தெரியலையா?"

கத்திவிட்டு, நமக்கென்ன ஆகிவிட்டது என்று தானே திகைத்து நிற்பார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஆறு மணிக்கு நாடகம். ஹாலில் எண்பது நாற்காலி போட்டிருந்தார்கள். மேடையில் அந்தப் பெஞ்சும், சுவர் என்று தரையில் கிழித்த ஒரு சாக்பீஸ் கோடும்தான்.

"என்னப்பா, இன்னும் செட்டு வந்து சேரலையா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். பக்கத்துத் திரை மறைவில் நின்ற கனகசபைக்கு நெஞ்சில் குத்தியது. கடை பத்து நிமிஷத் தொலைவு. ஓடிப்போய் ஊஞ்சலைக் கொண்டுவந்துவிடலாமா என்று கால் பரபரத்தது.

அப்போது அண்ணன் உள்ளே வருவதைப் பார்த்தார். யாருடைய நாடகம் என்று சொல்லாமல், பள்ளிக்கூடத்தில் ஏதோ நிகழ்ச்சி என்று அண்ணி கூட்டி வந்திருந்தாள். திருஞானம் மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். தலை நன்றாக நரைத்திருந்தது. ஒரே கூரையின் கீழ் இருந்தும் இத்தனை நரை எப்போது வந்தது என்று தம்பிக்குத் தெரியவில்லை.

நாடகம் தொடங்கியது. அம்மாவாக நடித்தவர் பெஞ்சில் உட்கார்ந்து, கால் கட்டைவிரலால் உந்தி, கீரை ஆய்ந்தார். கீரையும் இல்லை, முறமும் இல்லை. எழுந்தபோது கையை நீட்டி நிறுத்தினார். அண்ணனாக நடித்தவரும் எழுந்து நிறுத்தினார். கனகசபை திரை இடுக்கு வழியாக மூன்றாவது வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கட்டிய கை கட்டியபடியே இருந்தது.

கடைசிக் காட்சி வந்தது. வீட்டில் யாரும் இல்லாத மத்தியானம். தம்பி ஊஞ்சலில் கடைசியாக ஒரு முறை உட்கார்ந்து ஆட வேண்டும். எழுந்து அதை நிறுத்த வேண்டும். சங்கிலியைக் கழற்றக் கையை உயர்த்தும்போது முடிவு.

இப்ராகிம் உட்கார்ந்தான். ஆடினான். அவனுக்கு அன்றைக்கு என்ன ஆனதோ, கண்ணில் நிஜமாகவே நீர் வந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு சட்டென்று எழுந்தவன், நிறுத்தாமல், கழற்றாமல், நேரே உள்ளே போய்விட்டான்.

கை பின்னால் போகவே இல்லை.

கனகசபை பதறிப்போனார். மேடையில் யாருமில்லை. ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியாக வேண்டும் என்று அவர் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டார். டீச்சர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நில்லுங்க சார்."

"ஆடுது டீச்சர்!"

"தெரியுது. நில்லுங்க."

கூட்டம் கைதட்டவில்லை. முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் எல்லோரும் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று கனகசபை நினைத்தார்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அண்ணன் எழுந்துவிட்டார். பாதியில் கிளம்புகிறாரே என்று கனகசபை திரையை விலக்கிப் பார்த்தார்.

திருஞானம் வாசல் பக்கம் திரும்பவில்லை. மேடைப் படியருகில் வந்து செருப்பைக் கழற்றினார். மூன்று படி ஏறினார். சாக்பீஸ் கோட்டைக் கவனிக்காமல் தாண்டி, பெஞ்சருகில் வந்து நின்று, வலது கையை உயர்த்திக் காற்றைப் பிடித்தார்.

கை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. மறுபடியும் போய் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றது. அதன் பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.

"எந்திரிச்சா நிறுத்திட்டுப் போன்னு அம்மா எத்தனை தடவை சொல்லியிருக்கா?" என்று அவர் தம்பியின் குரல் வந்த திரையைப் பார்த்துச் சொன்னார். "கழுதை வயசாச்சு. இன்னும் நான்தான் பின்னாடியே வரணுமாடா?"

கனகசபை வெளியே வந்தார். எழுதி வைத்து, மனப்பாடம் செய்து, பதினோரு வருஷமாக ஒத்திகை பார்த்த சொற்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"அண்ணே..."

"பலகையைக் கரையான் கிரையான் அரிக்காம வெச்சிருக்கியா?"

"போர்வை சுத்தி வெச்சிருக்கேண்ணே."

அதற்கு மேல் முடியாமல் கனகசபை அழுதுவிட்டார். அண்ணன் இன்னொரு கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். இதுதான் நாடகத்தின் முடிவு என்று நினைத்துக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

மறுநாளே ஊஞ்சல் அண்ணன் வீட்டுக் கூடத்தில் பழைய வளையத்தில் ஏறியது. சுவர் அப்படியேதான் இருந்தது. ஆனால் கொல்லைப்புறமாகப் போய்க்கொண்டிருந்த குழம்பு இப்போது வாசல் வழியாகப் போனது.

அடுத்த சனிக்கிழமை கனகசபை ஒத்திகைக்கு முன்பே வந்துவிட்டார். டீச்சர் மேடையில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கணக்கு நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க சார்."

"நிஜ ஊஞ்சல் பதினோரு வருஷம் என் குடோன்ல இருந்துச்சு. அங்கதான் இருக்குன்னு அண்ணனுக்கும் தெரியும். தினம் அந்தக் கடையைத் தாண்டித்தான் நடந்து போவாரு. ஒரு நாள்கூட உள்ள வரல. இல்லாத ஊஞ்சலுக்கு அத்தனை பேர் முன்னாடி மேடை ஏறி வந்துட்டாரு. ஆறு நாளா யோசிக்கிறேன். எனக்கு இன்னும் பிடிபடல."

டீச்சர் கையிலிருந்த நோட்டைத் திருத்தி முடித்து, மூடி, ஓரமாக வைத்தார்.

"குடோன்ல இருந்தது ஆடுச்சா, சார்?"